புள்ளி எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த டென்னிஸ் கோர்ட்டின் கம்பிவேலி ஓரமாகப் போய் நின்றாலும் ஒரு தீர்ப்பு காதில் விழும். "பேக்ஹேண்ட்தான் வீக்." "சர்வீஸ்ல பவர் பத்தல." "இன்னும் வேகமா ஓடணும்." சொல்பவர் அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், பக்கத்துக் கோர்ட்டின் பயிற்சியாளராகவும் இருக்கலாம். பத்து நிமிடம் பார்த்ததிலேயே நோய் தெரிந்துவிடுகிறது, மருந்தும் தயாராகிவிடுகிறது: நாளையிலிருந்து நூறு பேக்ஹேண்ட் கூடுதலாக அடி. அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேலியோரத்திலிருந்து பார்க்கும் கண் நம்மை இரண்டு முறை ஏமாற்றுகிறது. பிள்ளையின் ஆட்டத்தில் எது கெட்டிருக்கிறது என்பதில் ஒரு முறை, அது சரியாகிவிட்டதா என்பதில் இன்னொரு முறை.

முதலில் ஒரு கணக்கு. ரோஜர் ஃபெடரர் தொழில்முறை ஆட்டக்காரராக 1,526 ஒற்றையர் ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் வென்றார். ஆனால் அவற்றில் ஆடிய புள்ளிகளைத் தனியாக எண்ணினால், அவர் வென்றவை 54 சதவீதம்தான். 2024-இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவரே சொன்ன கணக்கு இது. டென்னிஸின் எண்ணும் முறை சிறிய வேறுபாட்டைப் படிப்படியாகப் பெருக்கிக் காட்டும்படி அமைந்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் வாய்ப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், நூற்றுக்கு 55 புள்ளிகள் வெல்பவர் கேம்களில் 62 சதவீதமும் செட்களில் 81 சதவீதமும் மூன்று செட் ஆட்டங்களில் 91 சதவீதமும் வெல்வார்.

இதே கணக்கைச் சாதாரணமாக ஆடும் ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 48 புள்ளிகள் வெல்லும் பிள்ளைக்கு மூன்று செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம். 52 புள்ளிகள் வெல்லத் தொடங்கினால் வாய்ப்பு 70 சதவீதம். இடையில் இருப்பவை வெறும் நான்கு புள்ளிகள். ஆகவே ஓர் இளம் ஆட்டக்காரரின் ஆட்டத்தை அடியோடு இடித்துக் கட்டவேண்டிய தேவை அநேகமாக இருப்பதில்லை. நூற்றுக்கு அந்த நான்கு புள்ளிகள் எந்த வழியாகக் கைநழுவுகின்றன என்று தெரிந்தால் போதும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் ஆகவேண்டும்.

எண்ணுவதற்குக் கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஒரு புள்ளிக்கு ஒரு வரி. சர்வீஸ் யாருடையது, உள்ளே விழுந்தது முதல் சர்வீஸா இரண்டாவதா, பந்து எத்தனை முறை அடிக்கப்பட்டது, கடைசியில் என்ன ஆனது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. வலையில் விழுந்ததா, பேஸ்லைனைத் தாண்டியதா, பக்கவாட்டில் வெளியே போனதா? ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா? அடித்தபோது பிள்ளை நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? ஸ்டைல் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். பார்ப்பவரின் அபிப்பிராயத்துக்கு நோட்டில் இடமே வேண்டாம். மூன்று நான்கு ஆட்டங்களுக்கு இப்படி எழுதிவிட்டு, தோற்ற புள்ளிகளை மட்டும் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. பதின்மூன்று வயதுச் சிறுமி, வலது கை ஆட்டம், உயரம் 1.50 மீட்டர், பள்ளி அணியிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் ஆடுகிறாள். அவள் தோற்ற 100 புள்ளிகளைப் பிரித்தால் இப்படி வருகிறது: டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறியவை) 21, ஃபோர்ஹேண்ட் தவறு 34, பேக்ஹேண்ட் தவறு 15, எதிராளி அடித்து வென்றவை 18, மற்றவை 12. வீட்டில் எல்லோரும் குறை சொன்னது பேக்ஹேண்டை. அது பார்க்க அழகாக இல்லை, உண்மைதான். ஆனால் அவள் அதை ஸ்லைஸ் செய்து எப்படியாவது வலையைத் தாண்ட வைத்துவிடுகிறாள். தன் பலம் என்று நம்புவது ஃபோர்ஹேண்டை. நம்புவதாலேயே அதில் துணிந்து அடித்துப் புள்ளியை விடுகிறாள்.

ஃபோர்ஹேண்டை அதிகம் அடிப்பதால்தான் தவறும் அதிகமோ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நின்றா, ஓடியா என்ற கட்டம் அதற்குத்தான். 34 தவறுகளில் 23 வலப்பக்கம் ஓடிப்போய் அடித்தவை, அவற்றில் 17 வலையில் விழுந்தவை. இப்போது "ஃபோர்ஹேண்ட் சரியில்லை" என்ற பொத்தாம் பொதுவான வாக்கியம் மறைந்து, "வலப்பக்கம் ஓடி அடிக்கும் ஃபோர்ஹேண்ட் வலையில் விழுகிறது" என்ற துல்லியமான கேள்வி கிடைத்துவிட்டது. பதில் தேடக்கூடிய கேள்வி இது.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ஆட்டக்காரர்களின் தரத்தை 10-இலிருந்து 1 வரை எண்ணிடும் ஒரு முறையை வகுத்தது. புதிதாகத் தொடங்குபவர் 10, தொழில்முறை வீரர் 1. அதற்கென்று கோர்ட்டில் வைக்கும் சோதனையில் ஐந்து பகுதிகள்: தரையடிகள் எவ்வளவு ஆழமாக விழுகின்றன, வாலி எவ்வளவு ஆழம், தரையடிகளின் துல்லியம், சர்வீஸ், ஓடித் திரும்பும் சுறுசுறுப்பு. பிள்ளை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அறிய நல்ல கருவி. ஆனால் அங்கே எதிராளி இல்லை. எதிராளி இருக்கும்போது எங்கே உடைகிறது என்பதை நோட்டுதான் சொல்லும்.

நோட்டில் இன்னொரு பாடமும் கிடைக்கும். கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில்கூட ஏறத்தாழ 70 சதவீதப் புள்ளிகள் சர்வீஸையும் சேர்த்து நான்கு அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. அதாவது சர்வீஸ், அதைத் திருப்பும் அடி, அடுத்து ஆளுக்கொன்று. ஆனால் நம் பயிற்சி நேரம் எப்படிச் செலவாகிறது? கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஒவ்வொன்றாகப் போட, பிள்ளை நின்ற இடத்திலிருந்து குறுக்கே அடித்துக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடைசிப் பத்து நிமிடம், கை களைத்த பிறகு. சர்வீஸைத் திருப்பும் அடிக்கோ பல இடங்களில் பயிற்சியே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே ஓர் இளம் ஆட்டக்காரருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து.

சரி, ஃபோர்ஹேண்ட் ஏன் வலையில் விழுகிறது?

பந்து ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கைத் தொட்டு, அழுந்தி, விடுபட்டுப் போவதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிநொடி, ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. கண் பார்த்ததை மூளை உணர்ந்து கைக்குக் கட்டளை அனுப்பக் குறைந்தது 150 முதல் 200 மில்லிநொடி ஆகும். ஆகவே பந்து ஸ்ட்ரிங்கில் இருக்கும்போது செய்யக்கூடியது எதுவும் இல்லை. "தொடும்போது மணிக்கட்டைத் திருப்பு" என்று சொல்வதில் பொருளே இல்லை. தொடும் கணத்தில் நாம் காணும் தவறு, அதற்கு முன்பே எங்கோ தொடங்கி அங்கே வந்து முடிகிறது. அதைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போகவேண்டும்.

எதிராளி பேஸ்லைனிலிருந்து அடித்த பந்து நம் சிறுமியின் பேஸ்லைனுக்கு வர 24 மீட்டர் பயணம். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 1.4 நொடி. இதில் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று உணர்வதற்கு 0.2 நொடி போகும். ராக்கெட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்கு வீச அரை நொடிக்கு மேல் போகும். மிச்சம் இருக்கும் முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓடி, நின்று, உடலைச் சமன்படுத்த வேண்டும். துள்ளி எழுந்த பந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், நொடிக்கு 11 மீட்டர். 0.03 நொடி தாமதித்தால் பந்து 33 சென்டிமீட்டர் பின்னே போய்விடும். இடுப்புக்கு முன்னே சந்தித்திருக்க வேண்டிய பந்தை இடுப்புக்குப் பக்கத்தில் சந்திக்கிறாள். ராக்கெட் கீழிருந்து மேலே ஏறும் பாதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது, பந்தை உயர்த்தும் பகுதிக்கு இன்னும் வரவில்லை. பந்து தாழ்வாகக் கிளம்பி வலையில் போய் முட்டுகிறது.

இங்கே வடிவியலும் அவளுக்கு எதிராக நிற்கிறது. வலப்பக்கம் ஓடியவள் அநேகமாக நேராகக் கோட்டை ஒட்டி அடிக்கிறாள். வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், கம்பத்தருகே 1.07 மீட்டர். நேராகப் போகும் பந்து உயரமான இடத்தைத் தாண்டியாக வேண்டும். கோர்ட்டின் நீளமும் நேராக 23.77 மீட்டர்தான். ஒற்றையர் கோர்ட்டில் மூலைக்கு மூலை அடித்தால் 25 மீட்டருக்குச் சற்று அதிகம். தாமதமாகச் சந்தித்த பந்தை, வலை உயரமான பக்கத்தில், இடம் குறைந்த திசையில் அடிக்கிறாள். குறுக்கே அடித்தால் தாழ்ந்த வலையும் கூடுதலாக ஒன்றேகால் மீட்டருக்கு மேல் இடமும் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

கோளாறு கையிலா, காலிலா, கண்ணிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. முதலில் அவளை நிற்கவைத்து, அருகிலிருந்து பந்தைக் கையால் போட்டு இருபது ஃபோர்ஹேண்ட் அடிக்கச் சொல்லுங்கள். அது தடுமாறினால் கோளாறு வீச்சிலேயே இருக்கிறது. அது நன்றாக இருந்தால், மூன்று அடி நகர்ந்து அடிக்கும்படி போடுங்கள். அதுவும் நன்றாக இருந்தால், எந்தப் பக்கம் போடப்போகிறோம் என்று சொல்லாமல் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்தப் படியில் தவறுகள் திடீரென்று பெருகுகின்றனவோ அங்கேதான் வேர். நம் சிறுமி முதல் இரண்டு படிகளையும் தாண்டி மூன்றாவதில் தடுமாறுகிறாள். கையில் குறை இல்லை, கிளம்புவதில்தான் தாமதம்.

கைபேசியை அவளுக்குப் பின்னால் வேலியில் கட்டி, நொடிக்கு 240 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) எடுக்கும் மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். சாதாரணப் பதிவில் இரு சட்டங்களுக்கு நடுவே 33 மில்லிநொடி ஓடிவிடும், பந்து ஸ்ட்ரிங்கைத் தொட்டதே படத்தில் விழாமல் போகலாம். 240-இல் இடைவெளி 4 மில்லிநொடிதான். ஆனால் நாம் பார்க்கப்போவது அவள் ராக்கெட்டை அல்ல. எதிராளி பந்தைத் தொடும் சட்டத்தில் படத்தை நிறுத்தி அவள் பாதங்களைப் பாருங்கள். நன்கு பழகிய ஆட்டக்காரர் அந்தக் கணத்தில் தரையிலிருந்து லேசாக எழும்பியிருப்பார். பந்து எந்தப் பக்கம் என்று தெரியும் நேரத்தில் பாதம் தரையில் படும், கெண்டைக்கால் தசை இழுபட்டு அந்தப் பக்கம் உந்தும். ஸ்பிளிட் ஸ்டெப் என்று கோர்ட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான். நம் சிறுமியின் இரு குதிகால்களும் தரையில் ஊன்றியிருக்கின்றன. தன் முந்தைய அடி எங்கே விழுகிறது என்று அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். வலையில் விழுந்த ஃபோர்ஹேண்டின் தொடக்கம் இதுதான். தவறு கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நொடிக்கும் மேல் முன்னதாக, ராக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில்.

கண்ணையும் பழக்க முடியும். ஆட்டத்தைப் படம் எடுத்து, எதிராளி பந்தைத் தொடுவதற்கு முன்பே படத்தை வெட்டிவிட்டு, பந்து எங்கே போகும் என்று கேட்கும் சோதனைகள் 1970-களிலிருந்தே நடக்கின்றன. தேர்ந்தவர்கள் பந்து கிளம்பும் முன்பே தோள், இடுப்பு, ராக்கெட் வரும் வழி இவற்றைப் பார்த்துப் புதியவர்களைவிடச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் வேகமானவர்களாகத் தெரிவதற்கு ஒரு காரணம், சற்று முன்பே பார்த்துவிடுவதுதான். ஆகவே நம் சிறுமிக்குத் தரவேண்டிய வேலை நூறு ஃபோர்ஹேண்ட் அல்ல. எதிராளி அடிக்கும் ஒவ்வொரு முறையும் "இப்போ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழும்புவது.

டபுள் ஃபால்ட் கதை வேறு. இங்கே வேலியோரம் சொல்லும் அறிவுரை இயற்பியலுக்கே முரணானது. "நல்லா இறக்கி அடி" என்கிறோம். சர்வீஸ் கட்டத்தின் கடைசிக் கோடு வலையிலிருந்து 6.40 மீட்டர். அந்தக் கோட்டிலிருந்து வலையின் நடு மேல்விளிம்பைத் தொட்டபடி ஒரு நேர்கோட்டை நீட்டிக்கொண்டே போனால், எதிர்ப் பேஸ்லைன் வரும்போது அது தரையிலிருந்து 2.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். சர்வீஸில் பந்தைத் தொடும் உயரம் பொதுவாக ஆட்டக்காரரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 1.75 மீட்டர் உயரமுள்ள பெரியவருக்கே அந்த 2.6 மீட்டர் சரிக்குச் சரி. 1.50 மீட்டர் உயரச் சிறுமி பந்தைத் தொடுவது 2.25 மீட்டரில். நேர்கோட்டில் போகும் பந்து அவளுக்கு ஒன்று வலையில் விழும், இல்லை கட்டத்தைத் தாண்டும். எவ்வளவு பலம் போட்டாலும் வேறு வழியே இல்லை. பந்து வலையைத் தாண்டிய பிறகு வளைந்து இறங்கியாக வேண்டும். வளைப்பவை இரண்டே: புவியீர்ப்பு, சுழற்சி.

பந்து மெதுவாகப் போனால் புவியீர்ப்புக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். பிள்ளைகள் இரண்டாவது சர்வீஸைத் தட்டிக் கொடுப்பது இதனால்தான். ஆனால் பயந்து பயந்து மெதுவாக்கிய கை தன் பாதையில் நிலையாகப் போவதில்லை. பந்தும் எதிராளிக்கு வாகாகப் போய் நிற்கிறது. சுழற்சிதான் தகுந்த வழி. பந்தின் மேற்பகுதி முன்னோக்கிச் சுழன்றால், சுற்றியுள்ள காற்று மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பந்து கீழ்நோக்கித் தள்ளப்படும். மேக்னஸ் விளைவு என்பது இது. ராக்கெட்டை வேகமாகவே வீசி, பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து எழுப்பினால், பந்து வலைக்கு மேலே தாராளமாக ஏறிக் கட்டத்துக்குள் இறங்கும். அதற்குக் கான்டினென்டல் கிரிப் வேண்டும்: ஆட்காட்டி விரலின் அடிமூட்டு கைப்பிடியின் இரண்டாவது பட்டையில் அமரவேண்டும். ஃபோர்ஹேண்ட் கிரிப்பிலேயே சர்வீஸ் போடும் பிள்ளைக்கு இந்தச் சுழற்சி வராது. கிரிப்பை மாற்றிய முதல் சில வாரங்கள் பந்து கண்ட இடத்துக்குப் போகும். அந்த வாரங்களில் போட்டி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

டாஸையும் சோதிக்க வேண்டும். பந்தை மேலே போட்டுவிட்டு அடிக்காமல் விழவிடச் சொல்லுங்கள். விழுந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் குறியுங்கள். பத்துக் குறிகளும் முன்பாதத்துக்குச் சற்று முன்னே, ராக்கெட்டின் தலையளவு இடத்துக்குள் இருந்தால் டாஸில் குறையில்லை. கோர்ட்டெங்கும் சிதறிக் கிடந்தால் அவள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சர்வீஸ் போடுகிறாள் என்று பொருள்.

பலமே எல்லாம் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையில் வளர்ந்த ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தை நினைவூட்டலாம். அவர் சர்வீஸ் ஒருபோதும் மிரட்டியதில்லை. 1979-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். பந்தை முன்கூட்டியே சந்தித்து எதிராளியின் நேரத்தைப் பறிப்பதும், பந்தை வேண்டிய இடத்தில் வைப்பதும் அவர் ஆயுதங்கள். சர்வீஸின் வேகத்தை மட்டும் அளந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் இப்படிப்பட்ட பையனைக் கழித்துக்கட்டியிருப்பார். தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் அதே இளையோர் பட்டத்தை வென்றவர், ஆட்டம் எப்படிக் கட்டப்படுகிறது என்று அறிந்தவர் என்பது அந்தப் பையனின் நல்லூழ்.

உடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரம் மிக வேகமாகக் கூடும் பருவம் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதிலும் வருகிறது. கை கால்கள் முதலில் நீள்கின்றன. போன மாதம் வரை பழகிய வீச்சு இந்த மாதம் வேறு நீளமுள்ள கையில் இருக்கிறது. பந்தைச் சந்திக்கும் இடம் தவறுகிறது, பிள்ளை குழம்புகிறது. வீட்டில் "கவனமே இல்லை" என்று திட்டு விழுகிறது. இது என்னைக் கோபப்படுத்தும் விஷயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வைத்தால் அந்தத் திட்டு மிச்சமாகும். குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வரும் வலி இந்தப் பருவத்தில் எலும்பு வளரும் இடங்களிலிருந்து வருவது, இடுப்புவலி முதுகெலும்பில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம். தைலம் தேய்த்து ஆடவைக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீரு ஜெயந்தி என்ற மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஓர் எளிய அளவுகோலைத் தந்தது: வாரத்துக்குத் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்த பிள்ளைகளுக்கு அளவுமீறிய உழைப்பால் வரும் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தன. பதின்மூன்று வயதுக்கு வாரம் 13 மணி நேரம் மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்குப் பந்தே தவறாக இருக்கலாம். பெரியவர்களின் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை துள்ள வேண்டும் என்பது விதி. ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கப் பழகிய கை, பிடிப்பையும் வீச்சையும் அதற்கேற்பக் கோணலாக்கிக்கொள்ளும். 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகமும் துள்ளலும் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. "என் பிள்ளை இப்பவே பெரிய பந்துல ஆடுது" என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போது கண்ணின் இரண்டாவது ஏமாற்று. பயிற்சியில் நன்றாக வருவது, கற்றுக்கொண்டதாகத் தோன்றுகிறது. 1979-இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிடும் மூன்று அசைவுகளைச் சிலருக்குக் கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகினார்கள். மற்றவர்களுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பழகும்போது முதல் பிரிவினர்தான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். 1986-இல் பேட்மின்டனின் மூன்று வகை சர்வீஸ்களைக் கற்கத் தொடங்கியவர்களிடமும் இதே முடிவு கிடைத்தது. கலந்து பழகியவர்கள் பின்னர் நன்றாக நினைவில் வைத்திருந்தது மட்டுமல்ல, கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் மேலாகச் செய்தார்கள். ஒரே அடியை ஐம்பது முறை அடிக்கும்போது இரண்டாவது முறையிலிருந்து மூளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. ஆட்டத்திலோ ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். கூடைப் பயிற்சியில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது சனிக்கிழமைப் போட்டியில் காணாமல் போவதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல.

1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியலடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து அளந்தார். சுத்தியலின் தலை அடிக்கு அடி ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக அசைந்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதல்ல, வேறு வேறு அசைவுகளால் ஒரே விளைவைத் திரும்பப் பெறுவது. கேப்ரியேல் வுல்ஃப் 1998-இல் வெளியிட்ட சோதனையில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நின்றவர்களில் சிலரைத் தம் பாதங்களைக் கவனிக்கச் சொன்னார், மற்றவர்களைக் கருவியின் சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார். சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஆகவே முழங்கையை எங்கே வைப்பது என்று பிள்ளையிடம் பேசுவதைக் குறைத்துவிட்டு, பந்து எங்கே போகவேண்டும் என்று பேசலாம். வலைக்கு ஒரு மீட்டர் மேலே கயிறு கட்டி "இதுக்கு மேல போகட்டும்" என்றால், கை தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் திருத்தம் சொல்லவும் வேண்டாம். பாதி முறைகளில் மட்டும் சொன்னாலே பிற்பாடு மேலாக நிலைக்கிறது என்று 1990-இல் ஓர் ஆய்வு காட்டியது. "அந்தப் பந்து ஏன் வலைல விழுந்துச்சு, நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பயிற்சியாளர் என் மதிப்பில் உயர்ந்தவர்.

சில வாரங்கள் கழித்து மறுபடி நோட்டை எடுக்கும்போது எச்சரிக்கை தேவை. நூறு புள்ளிகள் கொண்ட ஓர் ஆட்டத்தில் தற்செயலாகவே ஐந்து புள்ளிகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வது சாதாரணம், பத்துகூடச் சாயலாம். நாம் தேடுவது நான்கு புள்ளி முன்னேற்றம். அதை ஓர் ஆட்டத்தில், ஒரு வெற்றியில், ஒரு தோல்வியில் பார்க்கவே முடியாது. ஆயிரம் புள்ளிகள், அதாவது பத்து ஆட்டங்கள் சேர்ந்தால்தான் தற்செயலின் அளவு ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். அதுவரை பார்க்க வேண்டியவை மாற்றம் பெரிதாகத் தெரியக்கூடிய சின்னக் கட்டங்கள்: இருபது இரண்டாவது சர்வீஸில் எத்தனை உள்ளே விழுந்தன, எதிராளி அடித்த கணத்தில் எத்தனை முறை பாதம் எழும்பியது, ஓடி அடித்த ஃபோர்ஹேண்டில் எத்தனை வலையில் போயின. சோதிப்பதும் பயிற்சி முடிந்த கையோடு அல்ல. மறுநாள், உடல் சூடாகிய உடனே, முதல் இருபது அடிகளில்.

நம் சிறுமியின் புதிய நோட்டில் வலையில் விழுந்தவை குறைந்து, பேஸ்லைனைத் தாண்டியவை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். பந்தை நேரத்தில் சந்திக்கத் தொடங்கிவிட்டாள், கயிற்றுக்கு மேலே அனுப்பவும் பழகிவிட்டாள் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கூடுதல் நீளத்தை டாப் ஸ்பின், அதாவது சர்வீஸில் பார்த்த அதே முன்னோக்கிய சுழற்சி, வெட்டிவிடும். அடுத்த சில வாரங்களின் வேலை அதுதான். பேக்ஹேண்டை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கலாம். நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டி அது நோட்டில் ஏறும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.